தலையில் படும் அடிக்கு விலைப்பட்டியல் வேண்டாம்

ஆஸ்திரேலிய ரக்பி லீக் ஆணையத்தின் தலைவர் பீட்டர் வலாண்டிஸ் அவர்களுக்கும், ஆணைய உறுப்பினர்களுக்கும், தேசிய ரக்பி லீக் போட்டியான என்ஆர்எல்லின் விசாரணை மன்றமான ஜூடிஷியரிக்கும், ஆட்டக் குற்றங்களைப் பதிவு செய்யும் மேட்ச் ரிவ்யூ கமிட்டிக்கும்,

உங்கள் விதிகளிலிருந்தே தொடங்குகிறேன். ஆட்டத்தில் ஒருவருக்குத் தலையில் அடிபட்டு, அது கன்கஷன், அதாவது மூளை அதிர்வுதான் என்று மருத்துவர் உறுதிசெய்தால், அந்த வீரர் குறைந்தது 11 நாள் ஆடக்கூடாது. சுயேச்சையான நிபுணர் விலக்கு தந்தால் ஒழிய இதில் மாற்றமில்லை. 2023-இல் நீங்கள் கொண்டுவந்த விதி இது. நல்ல விதி. அதே ஆட்டத்தில் அவர் தலையில் கையை வீசியவர் மேல் 'கேர்லஸ் ஹை டாக்கிள், கிரேடு 1' (பந்தோடு வருபவரை மடக்கும்போது கவனக்குறைவாகத் தலை, கழுத்துப் பக்கம் கை பட்டது, மிகக் குறைந்த தரம்) என்று குற்றம் பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அவருடைய முதல் தவறு என்றால், 2022-இல் வந்த அட்டவணைப்படி, கெடுவுக்குள் ஒப்புக்கொண்டு 1000 டாலர் கட்டினால் போதும். எதிர்த்து வாதாடித் தோற்றால் 1500. அடுத்த வாரம் அவர் களத்தில் இறங்குவார். அடி வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்.

இதை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2022-இல் இந்த அபராத அட்டவணையைக் கொண்டுவந்தீர்கள். பருவத்துக்குப் பருவம் விதிகளில் எத்தனையோ திருத்தங்கள் செய்கிறீர்கள். தலையில் படும் அடியைப் பணத்தால் தீர்த்துக்கொள்ளும் வழியை மட்டும் மூடாமல் வைத்திருக்கிறீர்கள்.

இந்தக் கடிதத்தின் ஆங்கில வடிவத்தை உங்கள் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புகிறேன். தமிழிலும் பொதுவில் வைக்கக் காரணம், மேற்கு சிட்னியில் தூங்காபி, பெண்டில் ஹில், வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட் பக்கம் வாழும் எங்கள் குடும்பங்கள். ஈழத்திலிருந்து வந்தவர்களும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுமாக நிறையப் பேர் இங்கே இருக்கிறோம். பிள்ளைகள் பாரமட்டா ஈல்ஸ் அணியின் நீல மஞ்சள் ஜெர்சியோடு வளர்கிறார்கள். பெற்றோரில் பலர் இந்த ஆட்டத்தைப் பிள்ளைகளிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம். வெள்ளிக்கிழமை இரவு டிவியில் பார்ப்பதற்கு என்ன தண்டனை, யார் முடிவு செய்கிறார்கள் என்பது அவர்களுக்கும் தெரிய வேண்டும்.

நான் ஒரு ஜூனியர் லீக் வீரனின் அம்மா. சனிக்கிழமைகளில் முதலுதவிப் பையோடு கோட்டுக்கு வெளியே நிற்கும் தன்னார்வலர்களில் ஒருத்தி. "கிரிக்கெட்ல சேர்த்திருக்கலாமே, இதுல ஏன் விட்டீங்க?" என்று எங்கள் ஊர்க்காரர்கள் கேட்காத விசேஷ வீடு இல்லை. ஒவ்வொரு முறையும் இந்த ஆட்டத்துக்காகப் பரிந்து பேசியிருக்கிறேன். வகுப்பில் வாயே திறக்காத என் மகன் இந்த ஆட்டத்தால்தான் நாலு பேரோடு சத்தம் போட்டுப் பேசப் பழகினான். அவனுடைய அணியில் சமோவா, டோங்கா, லெபனான் குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் என் பிள்ளையைத் தங்கள் பிள்ளையாகவே நடத்துகிறார்கள். இந்த ஆட்டத்தின் மேல் எனக்கு வெறுப்பு இருந்தால் இவ்வளவு நீளமாக எழுத மாட்டேன்.

போன பருவத்தில் என் மகன் பந்தோடு ஓடியபோது எதிரணிப் பையன் ஒருவனின் முன்கை அவன் தாடையில் பட்டது. அந்தப் பையனுக்கும் 13 வயதுதான் இருக்கும். நான் ஓடிப் போய் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கேள்விகளைக் கேட்டேன். இது எந்த மைதானம்? கடைசியாக யார் பாயின்ட் எடுத்தது? போன வாரம் யாரோடு ஆடினோம்? மூன்று வாரத்துக்கு முன் ஆடிய மைதானத்தின் பெயரைச் சொன்னான். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. வெளியே கூட்டி வந்தோம். அன்று இரவு மருத்துவமனை. அப்புறம் வெளிச்சம் ஆகாது, ஃபோன் பார்க்க முடியாது, கணக்குப் போட்டால் தலைவலி. ஆஸ்திரேலிய விளையாட்டு நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அவன் வயதுப் பிள்ளை குறைந்தது 21 நாள் போட்டிக்குத் திரும்பக்கூடாது. அதிலும் 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்த பிறகுதான் மோதல் உள்ள பயிற்சியே. நாங்கள் அதற்கு மேலும் காத்திருந்தோம்.

விசாரணை ஒரு கிளப் கட்டடத்தின் பின்னறையில் நடந்தது. நாலைந்து நாற்காலி, ஒரு மடிக்கணினி. அந்தப் பையன் அப்பாவோடு வந்திருந்தான். கண்ணைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. விசாரித்தவர்கள் பொறுமையாகக் கேட்டு, அவனுக்கு இரண்டு ஆட்டம் தடை விதித்தார்கள். அப்போது அவன் அப்பா ஒரு கேள்வி கேட்டார்: "இதே மாதிரி டாக்கிளுக்கு டிவியில் வருகிறவர்களுக்கு ஆயிரம் டாலர் ஃபைன்தானே? என் பையன் மட்டும் ஏன் இரண்டு மேட்ச் வெளியே உட்கார வேண்டும்?"

அந்த அறையில் யாரிடமும் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் உங்கள் அட்டவணையை ஒழுங்காகப் படித்திருந்தார், அவ்வளவுதான்.

அதனால் அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டுவருகிறேன். 13 வயதுப் பையனுக்கு இரண்டு ஆட்டம் என்பது நியாயமான பாடம் என்றால், அதே செயலுக்குத் தொழில்முறை வீரர் ஏன் ஒரு நிமிட ஆட்டத்தைக்கூட இழப்பதில்லை? 2023-இல் ஓர் அணியின் 30 வீரர்களுக்கான சம்பள வரம்பு ஒரு கோடியே 21 லட்சம் டாலர். பிரித்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி நாலு லட்சம். 1000 டாலர் என்பது அதில் ஒரு நாள் வருமானம்கூட இல்லை. பருவத்தில் எத்தனை ஆட்டம் ஆட முடியும், எந்தப் பெரிய ஆட்டத்தில் இறங்க முடியும் என்பதே வீரனுக்கு உண்மையான சொத்து. அந்தச் சொத்தைத் தொடாத தண்டனையை எந்த வீரரும் தண்டனையாக எண்ண மாட்டார்.

உங்கள் தரப்பு வாதம் எனக்குத் தெரியும். பழைய புள்ளி முறையில், முந்தைய தவறுகளின் சுமை சேர்ந்து, சின்ன விஷயத்துக்கெல்லாம் வீரர்கள் ஆட்டங்களை இழந்தார்கள். ஆளைப் பிடித்துத் தள்ளியதற்கும் சின்னக் கைகலப்புக்கும் ஒருவரை வெளியே உட்கார வைப்பதால் யாருக்கும் லாபமில்லை. அதற்கெல்லாம் அபராதம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலையையும் கழுத்தையும் அந்தக் கூடையில் ஏன் போட்டீர்கள்?

'கிரேடு 1 என்றால் லேசான அடி' என்பது அடுத்த வாதம். இங்கேதான் விஷயம் பெரிது. இறந்த வீரர்களின் மூளையை ஆராய சிட்னியில் 2018-இல் தொடங்கிய ஆஸ்திரேலிய விளையாட்டு மூளை வங்கி, அடுத்த ஆண்டே ரக்பி லீக் வீரர்களின் மூளையில் சிடிஇ என்ற மூளைச் சிதைவு நோயைக் கண்டறிந்து சொன்னது. அவர்களில் ஒருவர் கேன்டர்பரி அணியின் ஸ்டீவ் ஃபோக்ஸ். 2018-இல் அவர் இறந்தபோது வயது 59. நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸுக்கு 2015-இல் கோப்பை வாங்கித் தந்த பயிற்சியாளர் பால் கிரீன் 2022-இல் 49 வயதில் இறந்தார். அவர் மூளையிலும் முற்றிய நிலையில் சிடிஇ இருந்தது. இந்த நோயைப் பற்றி மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு: மயங்கி விழவைத்த ஒரு பெரிய அடியை மட்டும் பார்த்தால் போதாது, ஆண்டுக் கணக்கில் சேர்ந்த சின்ன அடிகளையும் பார்க்க வேண்டும். அப்படியென்றால், நீங்கள் லேசானது என்று ஒதுக்கி அபராதத்தோடு முடிக்கும் அந்தக் கிரேடு 1 அடிகள்தான் அங்கே ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. ஜேக் ஃப்ரெண்டும் பாய்ட் கார்ட்னரும் 2021-இல் ஒரே அணியிலிருந்து, ஏறக்குறைய இரண்டு மாத இடைவெளியில், தலைக்காயங்களால் ஓய்வுபெற்றார்கள். இரண்டு பேரும் அணித் தலைவர்களாக இருந்தவர்கள். அந்த ஆண்டே இந்த அட்டவணையை எழுதும் கை கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டாமா?

நீங்கள் மனம் வைத்தால் முடியும் என்பதற்கு உங்கள் வரலாறே சாட்சி. கையால் பிடிக்காமல் தோளால் மோதும் ஷோல்டர் சார்ஜை 2013 பருவத்திலிருந்து தடை செய்தீர்கள். ஆட்டத்தின் உயிரே போய்விட்டது என்று அன்று வீரர்களும் ரசிகர்களும் கொதித்தார்கள். ஆட்டம் இருக்கிறது, அரங்கங்கள் நிரம்புகின்றன. 2015-இல் குயின்ஸ்லாந்து கோப்பை ஆட்டம் ஒன்றில் ஷோல்டர் சார்ஜ் பட்டு ஜேம்ஸ் ஆக்கர்மன் இறந்தார். வயது 25, இரண்டு குழந்தைகளின் தகப்பன். அதற்குப் பிறகு அந்தத் தவறுக்கான தண்டனையை இன்னும் கடுமையாக்கினீர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2014 மார்ச் 24, மெல்போர்னில் நியூகாசில் நைட்ஸின் அலெக்ஸ் மெக்கின்னனுக்கு நடந்ததை இந்த ஆட்டத்தை நேசிக்கும் யாரும் மறக்க முடியாது. மூன்று பேர் சேர்ந்த டாக்கிளில் தூக்கப்பட்டுத் தலைகுப்புற விழுந்து, கழுத்தின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகள் முறிந்தன. 22 வயது. அதோடு அவர் ஆட்டம் முடிந்தது, வாழ்க்கை சக்கர நாற்காலிக்கு மாறியது. ஜூடிஷியரி விசாரித்து அந்த மூவரில் ஒருவருக்கு ஏழு ஆட்டத் தடை விதித்தது. அது போதும் என்றும் அதிகம் என்றும் அன்று ஊரே பிரிந்து நின்றது. நான் அந்தத் தகராறுக்குள் போகவில்லை. ஒருவரைக் கிடைமட்டத்தைத் தாண்டித் தூக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் ஜூனியர் பயிற்சியாளர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொடுக்கும்போது அந்த ஒரு பெயரைத்தான் சொல்கிறார்கள். பிள்ளைகள் உடனே அமைதியாகிவிடுகிறார்கள்.

2021 மே மாதம், எல்லா அணிகளும் ஒரே ஊரில் ஆடும் மேஜிக் ரவுண்டில் தலையைத் தொடும் டாக்கிள்களை ஒரேயடியாக ஒடுக்க முனைந்தீர்கள். பிரிஸ்பேனில் அந்த ஒரு வார இறுதியில் மூன்று பேர் சென்ட்-ஆஃப் (ஆட்டம் முடியும் வரை வெளியேற்றம்), 14 பேர் சின்-பின் (பத்து நிமிட வெளியேற்றம்). என் வீட்டில் அன்று கைதட்டினோம். அந்த ஆகஸ்டில் லட்ரெல் மிட்செலின் டாக்கிளில் ஜோசப் மனுவின் கன்ன எலும்பு உடைந்தது. மிட்செலுக்கு ஆறு ஆட்டத் தடை கிடைத்தது. ஆனால் களத்தில் அவருக்குச் சின்-பின் மட்டுமே தந்ததைக் கண்டித்துப் பேசிய, மனுவின் அணியான ரூஸ்டர்ஸின் பயிற்சியாளர் டிரென்ட் ராபின்சனுக்கு 20,000 டாலர் அபராதம் போட்டீர்கள். அடுத்த பருவமே, முதல் முறை தலையில் கை போட்டவருக்கு 1000 டாலர் என்ற அட்டவணை வந்தது. நடுவர்களை விமர்சித்துப் பேசியதற்கு இருபது மடங்கு! இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்களே ஒருமுறை பாருங்கள்.

விசாரணை நடக்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நீதிபதி தலைமை தாங்க, முன்னாள் வீரர்கள் முடிவு சொல்ல உட்காருகிறார்கள். லீக் தரப்பில் ஒரு வழக்கறிஞர், வீரர் தரப்பில் ஒருவர். ஒரே காட்சியைப் பல கோணத்தில், மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் போடுகிறார்கள். முதலில் தோளில் பட்டுப் பிறகு மேலே நழுவியதா? பந்தோடு வந்தவர் குனிந்தாரா, சறுக்கினாரா? வேகம் எவ்வளவு? எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அடிபட்டவர் இப்போது எப்படி இருக்கிறார், எப்போது திரும்புவார் என்பது அந்த வாதங்களின் நடுவில் அபூர்வமாகவே காதில் விழுகிறது. முடிவு சொல்லும் குழுவில் ஒரு மருத்துவருக்கு இடமில்லை. அதுவும், விசாரணை அறை வரை வரும் வழக்குகளே கொஞ்சம். பெரும்பாலானவை நண்பகல் கெடுவுக்குள் 'ஒப்புக்கொள்கிறோம்' என்ற ஒரு பதிலோடு முடிகின்றன. ஏன் அது கிரேடு 1, ஏன் கிரேடு 2 இல்லை என்று எங்களைப் போன்றவர்கள் படித்துப் புரிந்துகொள்ள எழுத்தில் எதுவும் கிடைப்பதில்லை.

பெரிய ஆட்டம் நெருங்கும்போது இந்தக் குழப்பம் கூடுகிறது. 2014-இல் சவுத் சிட்னியின் ஐசக் லூக் தூக்கி எறிந்த டாக்கிளுக்காகத் தடைபட்டார். சவுத் சிட்னி 43 ஆண்டுக்குப் பிறகு கோப்பை வென்ற இறுதியாட்டத்தை அவர் வெளியிலிருந்து பார்த்தார். 2018-இல் ஷோல்டர் சார்ஜ் குற்றச்சாட்டிலிருந்து பில்லி ஸ்லேட்டரை ஜூடிஷியரி விடுவித்தது. அவர் தன் கடைசி ஆட்டமாக இறுதியாட்டத்தில் இறங்கினார். இரண்டும் வேறு வேறு டாக்கிள், வேறு வேறு குற்றம். தீர்ப்புகள் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வாரமும் ஊர் முழுக்கப் பேசியது ஒரே பேச்சு: 'பாவம், இறுதியாட்டத்தை இழந்துவிடுவாரே.' எதிரே விழுந்தவரைப் பற்றிப் பேச்சே இல்லை. எழுத்தில் விளக்கம் இருந்தால் அந்தப் பேச்சு கொஞ்சமாவது மாறும்.

நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடரின் 2024 முதல் ஆட்டத்தில், ரீஸ் வால்ஷின் தலையில் மோதியதற்காக நியூ சவுத் வேல்ஸின் ஜோசப் சுவாலியி எட்டாவது நிமிடத்திலேயே சென்ட்-ஆஃப் ஆனார். வால்ஷ் அதற்குப் பிறகு அன்று ஆடவில்லை. நியூ சவுத் வேல்ஸ் 38-10 என்று தோற்றது. நான் நியூ சவுத் வேல்ஸ் பக்கம், மனசு வலித்தது. ஆனாலும் நடுவர் செய்தது சரி என்று அன்றே என் மகனிடம் சொன்னேன். அவன் கேட்டான்: "அப்போ கொஞ்சம் மெதுவா அடிச்சிருந்தா ஃபைன்தானேம்மா?"

அடியின் விளைவை வைத்துத் தண்டனை அளப்பது அதிர்ஷ்டத்தை வைத்து அளப்பது போலாகும் என்று உங்கள் வழக்கறிஞர்கள் சொல்லக்கூடும். நம் மாநிலச் சாலைச் சட்டம் என்ன சொல்கிறது? கவனக்குறைவாக வண்டி ஓட்டியதால் ஒருவருக்குக் கடுங்காயம் பட்டால் அது தனிக் குற்றம், தண்டனையும் கூடுதல். எதிரே வந்தவர் பிழைத்தாரா என்பதைச் சட்டம் பார்க்கத்தான் செய்கிறது. பெனால்டிக்காக வீரர்கள் வேண்டுமென்றே கீழே படுத்துக்கொள்கிறார்கள் என்ற புகாரும் எனக்குத் தெரியும். நடிப்பைப் பிரித்தறிய மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதை நம்பி 11 நாள் ஒருவரை உட்கார வைக்கிறீர்கள் என்றால், எதிரே இருந்தவரின் தண்டனையை முடிவு செய்யவும் அதையே நம்பலாம்.

ஆகவே நான் கேட்பது இவை. தலையிலும் கழுத்திலும் படும் எந்த டாக்கிள் குற்றத்துக்கும், கழுத்தை அழுத்தி மடக்கும் க்ரஷர் உட்பட, அபராதம் என்ற வழியையே அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். கிரேடு 1 ஆனாலும், முதல் தவறு ஆனாலும், குறைந்தது ஓர் ஆட்டம் தடை. இது ஒன்றை மட்டும் இந்த ஆண்டு செய்தால்கூட, அந்தப் பின்னறையில் கேட்ட கேள்விக்கு எங்களால் பதில் சொல்ல முடியும்.

அடிபட்டவருக்குக் கன்கஷன் என்று உறுதியானால், குற்றம் நிரூபணமானவரும் அந்த 11 நாள் முடியும் வரை ஆடக்கூடாது. மேட்ச் ரிவ்யூ கமிட்டி கிரேடை முடிவு செய்யும்போதும், ஜூடிஷியரி விசாரிக்கும்போதும், அடிபட்டவரின் மருத்துவ அறிக்கை, அவர் சம்மதத்தோடு, மேசையில் இருக்க வேண்டும். அவர் விரும்பினால் பேசவும் இடம் கொடுங்கள். மூளைக் காயங்களில் தேர்ந்த, எந்தக் கிளப்பையும் சாராத மருத்துவர் ஒருவர் அந்தக் குழுவில் உட்கார வேண்டும். முன்கூட்டி ஒப்புக்கொண்டு முடிந்த வழக்குகள் உட்பட, தலை சம்பந்தப்பட்ட ஒவ்வொரு முடிவுக்கும் காரணத்தை எளிய மொழியில் அரைப் பக்கமாவது எழுதி வெளியிடுங்கள். ஜூனியர் பயிற்சியாளர்கள் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முன் அதைப் படித்துக் காட்டுவார்கள். நானும் தமிழாக்கி எங்கள் பெற்றோருக்குத் தருகிறேன்.

தலைக்காயங்கள் பற்றிய செனட் விசாரணை 2023 செப்டம்பரில் 13 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. அதற்கும் உங்கள் தண்டனை அட்டவணைக்கும் என்ன தொடர்பு வைத்திருக்கிறீர்கள் என்பதை ஆணையம் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். அடுத்த பருவத்தின் அட்டவணையை அச்சிடும் முன் மேற்கு சிட்னியில் ஜூனியர் லீக் பெற்றோர், முதலுதவித் தன்னார்வலர்களோடு ஒரு கூட்டம் நடத்துங்கள். இடமும் தேநீரும் எங்கள் பொறுப்பு. உங்கள் பதிலை எழுத்தில், ஆணையத்தின் கையொப்பத்தோடு எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜூனியர் லீக் அம்மா,
தூங்காபி, நியூ சவுத் வேல்ஸ்